காத்திருப்புக்கு விலை உண்டா?

சிறுகடை வைத்துப் பிழைப்பவருக்கு நாளின் முதல் விற்பனை ஒரு சிறு வழிபாட்டைப் போன்றது. அதனைப் 'போணி' என்று சொல்லி, கைக்கு வந்த காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் கடைத்தெருக்களில் நெடுநாள் வழக்கம். அந்த நாள் நன்றாக அமைந்தால் அன்றைய அடுப்பு எரியும். மறுநாள் சரக்கெடுக்க முதலும் மிஞ்சும். நாள் கெட்டுப்போனால் முதலையே எடுத்து உண்ண வேண்டிவரும். ஆகவே, கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்ணுக்கும், தள்ளுவண்டியில் இட்லி விற்பவருக்கும், தையல் எந்திரம் ஒன்றை நம்பித் தொழில் தொடங்கும் இளைஞருக்கும் உண்மையான முதலீடு எது என்று கேட்டால், பணம் என்று சொல்வதைவிட நாள் என்று சொல்வதே பொருந்தும். பணம் இரவல் கிடைக்கும். கழிந்த நாள் யாரிடமும் இரவல் கிடைக்காது.

இத்தகையோர்க்கு உதவிசெய்ய அரசு முன்வருகிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால், அந்த உதவியைப் பெறுவதற்கு அவர்கள் தங்கள் நாள்களையே விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஏழையிடம் உள்ள ஒரே செல்வத்தைப் பெற்றுக்கொண்டு வழங்கப்படும் உதவியை உதவி என்று அழைக்கலாமா? அறத்தின் கண்கொண்டு இக்கேள்வியை நாம் சற்று நின்று நோக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

உதவித் திட்டங்களே இல்லை என்று யாரும் சொல்ல இயலாது. சிறுதொழில் தொடங்குவோர்க்கு வேண்டிய அறிவுரை, கடன், மூலப்பொருள், சந்தை வாய்ப்பு அனைத்தையும் மாவட்ட அளவில் ஒரே கூரையின்கீழ் வழங்குவது என்னும் நோக்குடன் 1978ஆம் ஆண்டு மே மாதத்தில் மாவட்டத் தொழில் மையங்கள் நாடெங்கும் தொடங்கப்பட்டன. படித்து வேலையற்றிருந்த இளைஞர்களுக்கென 1993 அக்டோபர் 2 அன்று பிரதமரின் ரோஜ்கார் யோஜனா வந்தது. 2008இல் அது வேறொரு திட்டத்துடன் இணைக்கப்பட்டு, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமாயிற்று. திட்டச் செலவில் நூற்றுக்கு 15 முதல் 35 வரை மானியம் தருவதாக அது வகுக்கப்பட்டது. உற்பத்தித் தொழிலுக்கான செலவு வரம்பு 2022இல் 25 இலட்சத்திலிருந்து 50 இலட்சமாக உயர்த்தப்பட்டது. 2015இல் முத்ரா கடன், 2020இல் தெருவோர வணிகர்களுக்கான ஸ்வநிதி கடன், 2023இல் 18 வகைக் கைவினைஞர்களுக்கான விஸ்வகர்மா திட்டம் என வரிசை நீண்டுகொண்டே வருகிறது. புதுச்சேரி அரசின் தொழில் மேம்பாட்டுக் கழகமான பிப்டிக், காரைக்காலில் திருமலைராயன்பட்டினத்தை அடுத்த போலகத்தில் தொழிற்பேட்டை அமைத்துள்ளது. ஏட்டில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை.

ஏட்டிலிருந்து தெருவுக்கு இறங்கும்போதுதான் கதை மாறுகிறது. ஒரு தள்ளுவண்டிக்காரர் ஸ்வநிதி திட்டத்தில் முதற் கடனைப் பெற விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொடங்கிய ஆண்டில் அக்கடன் 10,000 ரூபாயாக இருந்தது. 2025இல் 15,000 ஆக உயர்த்தப்பட்டது. கடனைத் தருவது வங்கி. ஆனால், 'இவர் தெருவோர வணிகர்' என்று சான்று தரவேண்டியது உள்ளாட்சி அமைப்பு. அதற்கு அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். அதற்கு விண்ணப்பம் வேண்டும். விண்ணப்பத்துக்கு ஆதாரும் அதனுடன் இணைந்த கைப்பேசி எண்ணும் வேண்டும். எண் மாறியிருந்தால் முதலில் அதனைச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் ஒரு வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒரு வரிசை. அலுவலகம் திறந்திருக்கும் நேரமே அவருடைய வணிகம் நடக்கும் நேரமும் ஆகும். வரிசையில் நிற்பவரின் வண்டி அன்று தெருவில் நிற்காது.

இதற்கு எதிர்ப்புறத்தில் தண்டல்காரர் இருக்கிறார். அவரை நாம் போற்றவில்லை. அவருடைய முறையை மட்டும் கவனிப்போம். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கையில் தருவார். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். இடத்துக்கு இடம் தொகை மாறினாலும் முறை இதுவே. ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும் கொடுமை இது. ஆயினும் அவர் கடைக்கே வருகிறார். விண்ணப்பம் கேட்பதில்லை. கேட்ட அன்றே தருகிறார். வசூலுக்கும் அவரே வருகிறார்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் மிச்சம் பார்க்கும் ஒருவர், பத்தாயிரம் ரூபாய் வங்கிக் கடனுக்காக ஐந்து நாள் அலைந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயை இழக்கிறார். தண்டலில் அவர் இழப்பது ஆயிரத்து ஐந்நூறு. 'ஏழைகள் அறியாமையால் கந்துவட்டிக்காரனிடம் போகிறார்கள்' என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. அவர்கள் போட்ட கணக்கு தவறானதன்று. ஆண்டு முழுவதும் தண்டலை மீண்டும் மீண்டும் வாங்கும்போது இழப்பு பன்மடங்காகும் என்பதும், வங்கிக் கடன் ஒருமுறை கைகூடிவிட்டால் அடுத்த முறை எளிதாகும் என்பதும் உண்மையே. ஆனால், இன்றைய அடுப்பை நினைத்துக்கொண்டிருப்பவரிடம் அடுத்த ஆண்டின் இலாபத்தைக் காட்டி அறிவுரை கூறுவது எளிது, ஏற்பது கடினம். அரசு பணத்தை மலிவாகத் தந்து நாளைப் பறிக்கிறது. தண்டல்காரர் நாளைத் தந்து பணத்தைப் பறிக்கிறார். இரண்டுக்கும் இடையே நிற்கும் ஏழை தனக்கு எது அரிதோ அதனைக் காத்துக்கொள்கிறார்.

காரைக்காலுக்கு இதில் ஒரு தனித்துன்பமும் உண்டு. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஓர் உறுப்பாக இருந்தும், தலைநகரிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்டுக் கிடக்கிறது இம்மண். துறைகளின் தலைமையகங்கள் புதுச்சேரியில் உள்ளன. காரைக்காலில் முடிவெடுக்க இயலாத ஒரு கோப்பு, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று வேறொரு மாநிலத்தின் ஊர்களைக் கடந்துதான் தன் அதிகாரியைச் சென்றடைய வேண்டும். கணினியில் கோப்பு நொடியில் பறக்கலாம். ஐயம் எழுந்தால் விண்ணப்பித்தவர் பறக்க முடியாது, பேருந்தேறித்தான் போகவேண்டும். அதே வேளையில், வாஞ்சூரைத் தாண்டி நாகூரில் கடை வைத்திருப்பவருக்குத் தமிழ்நாடு அரசு 2012இல் தொடங்கிய புதிய தொழில்முனைவோர் திட்டம் போன்ற வேறு வாயில்கள் உண்டு. ஒரே காற்று, ஒரே கடல், ஒரே வணிகம். எல்லைக் கல் மட்டுமே வேறு. நடந்துபோகும் தூரத்தில் உள்ள இருவருக்கு உதவி கிடைக்கும் வழிகள் வெவ்வேறாக இருக்கும்போது, தொலைவினால் வரும் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பு அத்தொலைவை வகுத்த ஆட்சியமைப்பையே சாரும்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். 'பொதுப்பணத்தைக் கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக்கொடுக்க முடியுமா? ஆராய்ந்து பார்த்துத்தானே தரவேண்டும்? ஆராய நாள் பிடிக்காதா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வரிப்பணம் என்பது இன்னொரு ஏழையின் பணமும் ஆகும். தீப்பெட்டி வாங்குபவரும் வரி கட்டுகிறார். பொய்க் கணக்குக் காட்டி மானியம் பெறுபவரைத் தடுக்காத அலுவலர் இரக்கமுள்ளவர் ஆகார். கடமை தவறியவரே ஆவார். எனவே ஆராய்வதற்காகும் நாள் நேர்மையான நாள். நாம் வினவுவது வேறொன்றைப் பற்றி. ஒரே சான்றை இரண்டு அலுவலகங்கள் கேட்பதால் போகும் நாள், 'இன்னது குறைகிறது' என்று முதல் நாளே சொல்லாததால் போகும் நாள், அலுவலர் விடுப்பில் இருக்கிறார் என்று அறிவிக்காததால் போகும் நாள் ஆகியவை எதனையும் ஆராய்வதில்லை. பொதுப்பணத்தில் ஒரு காசையும் அவை காப்பதில்லை. யாருக்கும் பயனின்றி ஒருவருடைய வாழ்வின் ஒரு பகுதி அங்கே வீணாகிறது. திருட்டிலாவது திருடியவனுக்கு ஆதாயம் உண்டு!

உதவிசெய்வதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்னும் கேள்வி புதியதன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில், வட்டிக்கடைக்காரர்களிடம் சிக்கிய ஏழைகளுக்காகப் பிரான்சிஸ்கன் துறவியரின் தூண்டுதலால் 'இரக்கத்தின் நிதியங்கள்' எனப்பட்ட அடகு நிலையங்கள் தோன்றின. 1462இல் பெருஜா நகரில் தொடங்கியது அவற்றுள் முன்னோடியானது. அந்நிலையங்களை நடத்த ஆட்கள் வேண்டும், இடம் வேண்டும், கணக்கு வேண்டும். அச்செலவுக்காக ஏழையிடம் சிறு தொகை பெறலாமா, பெற்றால் அது வட்டியாகிவிடாதா என்று அரை நூற்றாண்டுக் காலம் கடுமையான வாதம் நடந்தது. 1515இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கத்தில், நடத்தும் செலவுக்கு மட்டும் மிதமான தொகை பெறலாம், ஆதாயம் பார்க்கலாகாது என்று தீர்க்கப்பட்டது. நமக்கு இதில் உள்ள பாடம் ஒன்று. ஏழையிடமிருந்து சில காசுகள் பெறுவதற்கே அத்துணை மனச்சான்றுக் கலக்கம் அடைந்தார்கள் அம்மக்கள். இன்றோ ஏழையிடமிருந்து நாள்கணக்கில் நாம் பெற்றுக்கொள்கிறோம். அது எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாததால் அது செலவென்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

இதுவே சிக்கலின் வேர் என நாம் கருதுகிறோம். கோப்பில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு: பெயர், வயது, சாதி, முகவரி, திட்டச் செலவு, மானியத் தொகை. விண்ணப்பித்தவர் எத்தனை நாள் கடையை அடைத்தார் என்பதற்கு மட்டும் இடமில்லை. வசதியுள்ளவர் கணக்காளரை அனுப்புவார், முகவரை அனுப்புவார். தம் உடலையே அனுப்ப வேண்டியவர் ஏழை மட்டுமே. இருபத்துநான்கு மணி நேரம் எல்லார்க்கும் சமமாக அளிக்கப்பட்டிருக்கிறது என்கிறோம். ஆனால், யாருடைய நேரம் காக்கவைக்கப்படலாம், யாருடைய நேரம் காக்கவைக்கப்படலாகாது என்பதைச் சமூகம் தனக்குள் தீர்மானித்து வைத்திருக்கிறது. பெருந்தொழில் தொடங்க வருபவருக்கு 'ஒற்றைச் சாளரம்' திறக்கிறோம். குறித்த நாளுக்குள் இசைவு தருவோம் என்று மாநாடு கூட்டி உறுதியளிக்கிறோம். அது தவறன்று. அந்த உறுதியே தள்ளுவண்டிக்காரருக்கும் பொருந்த வேண்டும் என்பதே சமநீதி. காக்கவைப்பது மனித மாண்பை அளக்கும் மறைமுகமான அளவுகோல்.

தாமதத்துக்கு விலை குறிப்பது இயலாத செயலன்று. மத்தியப் பிரதேச அரசு 2010இல் பொதுச் சேவை உறுதிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அறிவிக்கப்பட்ட சேவைகளைக் குறித்த நாளுக்குள் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்ச அளவாக 5,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கவும், அத்தொகையை விண்ணப்பித்தவருக்கு இழப்பீடாக வழங்கவும் அது இடம் அளித்தது. தொகை சிறியது, அதன் பின்னுள்ள எண்ணம் பெரியது. குடிமகனின் நாளுக்கு மதிப்பு உண்டு என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது. குறு, சிறு நிறுவனங்கள் தந்த பொருளுக்கு 45 நாள்களுக்கு மேற்படாமல் பணம் தரவேண்டும் என்றும், தவறினால் வட்டி செலுத்த வேண்டும் என்றும் 2006ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் கூறுகிறது. இச்சட்டம் அரசுத் துறைகளையும் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். உதவிசெய்வதற்கு முன், தான் தரவேண்டியதை உரிய காலத்தில் தந்துவிடுவதே அரசு செய்யக்கூடிய முதல் உதவி அல்லவா?

அருகிலுள்ள ஆட்சியே ஏழையின் நாளைக் காக்கவல்லது. இம்மண்ணுக்கு உள்ளாட்சி புதியதன்று. பிரெஞ்சு ஆட்சியின்போதே, 1880ஆம் ஆண்டு ஆணையின்படி காரைக்கால் பகுதியில் நகராட்சிகள் தோன்றின. 'கொம்யூன்' என்னும் அன்றைய சொல் இன்றும் நம் நாவில் நிலைத்திருக்கிறது. காரைக்கால் நகராட்சியும், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் அந்த மரபின் வாரிசுகள். ஆனால், 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப்பின் அடுத்த தேர்தல் 2006இல்தான் நடந்தது. அவ்வுறுப்பினர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவிக்கப்பட்டும் நடைபெறவில்லை. அலுவலர்கள் இருந்தார்கள், பணிகள் நடந்தன. எனினும், 'என் தெருவில் உள்ள பூக்காரம்மாவின் விண்ணப்பம் ஏன் மூன்று வாரமாகக் கிடக்கிறது?' என்று கேட்கும் உரிமையும், கேட்காவிட்டால் அடுத்த தேர்தலில் பதில்சொல்லும் கடமையும் உள்ள ஒருவர் இல்லாத உள்ளாட்சி, உயிரற்ற உடலுக்கு ஒப்பாகும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாமல் வணிகர்களே இருக்க வேண்டும் என்றும், அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் விதித்தது இதன்பொருட்டே. தன் நாளின் விலை அறிந்தவர் மேசையின் அந்தப் பக்கத்திலும் அமர வேண்டும்.

'அப்படியானால் உதவியை வீடுதேடிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் போதுமா?' என்றால், அதுவும் போதாது. 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா சிற்றூரில் பேராசிரியர் முகமது யூனுஸ் 42 பேருக்கு மொத்தம் 27 டாலர் மதிப்புள்ள தொகையைக் கடனாகத் தந்தார். அதிலிருந்து வளர்ந்த கிராமீன் வங்கி, ஏழையை வங்கிக்கு வரவழைக்காமல் வங்கியை ஏழையிடம் அனுப்பியது. 2006இல் அமைதிக்கான நோபல் பரிசு அவர்களைத் தேடிவந்தது. ஆனால், அதே முறையை ஆதாய நோக்குடன் கையாண்ட நிறுவனங்கள் ஆந்திரத்தில் ஒரே குடும்பத்துக்குக் கடன்மேல் கடனாகத் திணித்து, வசூலில் கொடுமை காட்ட, தற்கொலைச் செய்திகள் எழுந்து, 2010 அக்டோபரில் அம்மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. விரைந்து தருவது மட்டும் அறமாகிவிடாது. இவருக்கு இக்கடன் தாங்குமா, இத்தொழில் இந்தத் தெருவில் நிற்குமா என்று உடனிருந்து எண்ணிப்பார்க்கும் ஒருவர் வேண்டும். அவ்வாறு எண்ணுவதற்குச் செலவாகும் நேரத்தை அரசு தர வேண்டும், ஏழையிடமிருந்து எடுத்துக்கொள்ளலாகாது.

தொழில் தோற்றுப்போகும்போதும் இந்த உடனிருப்பு தேவை. கடன் தந்தவர்களின் எண்ணிக்கை ஆண்டறிக்கையில் வரும். கடைதிறந்து மூடிவிட்டவர்களைத் தேடி எவரும் போவதில்லை. கடன் அறிவிப்பு மட்டும் போகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காரைக்கால் கரையோரச் சிற்றூர்களைச் சூறையாடியபோது, படகும் வலையும் இழந்தோரை யாரும் 'தோற்றவர்' என்று சொல்லவில்லை. கடல் எடுத்ததை எல்லாரும் பார்த்தோம். ஆனால் நோய் எடுத்த கடை, மழை எடுத்த சரக்கு, கடன் சொன்னவர்கள் எடுத்த முதல் ஆகியவை கண்ணுக்குத் தெரிவதில்லை. துணிந்து ஒரு தொழிலைத் தொடங்கி, நேர்மையாக உழைத்து, தோற்றவரை மீண்டும் எழச்செய்யாத சமூகம், அடுத்தவரைத் துணியுமாறு அழைக்கும் தகுதியை இழந்துவிடுகிறது.

இவையெல்லாம் அரசின் கடமைகள் என்று ஒதுங்கிவிட நமக்கு உரிமையில்லை. இவ்விதழைப் படிப்போருள் அலுவலர்கள் உண்டு, வங்கிப் பணியாளர்கள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, ஓய்வுபெற்றோர் உண்டு. மேசைக்கு எதிரே நிற்பவரிடம் 'நாளை வாருங்கள்' என்னும் இரு சொற்களை உச்சரிக்குமுன், அந்நாளையின் விலையை ஒருகணம் எண்ணிப்பார்ப்பது பணிவிதிகளுக்கு முரணாகாது. குறைகின்ற சான்றுகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதித் தருவதற்கு மேலிடத்து ஆணை வேண்டியதில்லை. எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் மாலை வேளையில் ஒருமணி நேரம், கடை அடைத்தபின் வருவோர்க்கு விண்ணப்பம் நிரப்பித் தரலாம். பங்குகளும் மன்றங்களும் சுயஉதவிக் குழுக்களும் இதற்கொரு மேசை போடலாம். பொருளை வாங்கிக்கொண்டு 'அப்புறம் தருகிறேன்' என்று சொல்லும் வழக்கத்தை விட்டொழித்தாலே, நம் தெருவின் சிறு வணிகர் பலர் தண்டல்காரரை நாடவேண்டிய தேவை குறையும்.

காத்திருப்புக்கு விலை உண்டு. அதனை இன்று செலுத்திக்கொண்டிருப்பவர் அதனைச் செலுத்தும் ஆற்றல் மிகக் குறைந்தவர் என்பதே அநீதி. உதவித் திட்டங்களின் தொகையை உயர்த்துவோர் உயர்த்தட்டும். அவற்றுடன், ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இன்னும் ஒரு கட்டம் சேர்க்கப்படட்டும்: 'இதற்காக நீங்கள் இழந்த நாள்கள் எத்தனை?' அக்கட்டத்தில் எழுதப்படும் எண் ஆண்டுதோறும் குறைந்துவருமானால், நம் உள்ளாட்சி மக்களுக்கு உதவுகிறது என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.